மேக் கணினியில் தமிழ் ஏறிய வழி

எண்ணூர் போகும் பேருந்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இன்று தம் கைப்பேசியிலேயே பட்டினத்தார் பாடல்களைப் படித்துவிட முடியும். பேருந்து கடந்து செல்லும் திருவொற்றியூரில்தான் கடலோரமாக அந்தப் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலார் வந்து தொழுத தியாகராசர் கோயிலும் அங்கேதான். இவர்களுடைய பாடல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதற்கு மதுரைத் திட்டம் ஒரு பெரிய காரணம். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய அந்தத் தன்னார்வ முயற்சியை ஒருங்கிணைத்தவர், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரம்.

அவர் இன்னொரு வகையிலும் முன்னோடி. மேக், விண்டோஸ், யூனிக்ஸ் ஆகிய மூவகைக் கணினிகளுக்கும் 'மயிலை' என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தவர். மேக் கணினியைப் பயன்படுத்திய தமிழர் தொகை அன்று மிகச் சிறியது. ஆனால் தமிழ் எழுத்து எந்தக் கணினியிலும் ஒன்றுபோல் தெரிய வேண்டும் என்ற கோரிக்கைக்கு அந்தச் சிறு கூட்டமும் ஒரு காரணம். ஆப்பிள் நிறுவனம் தமிழைத் தன் இயங்குதளத்தில் சேர்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பயன்படுத்தியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த குறிப்புகளின் துணையோடு தமிழ் அங்கே ஏறிவிட்டது. இக்கட்டுரை அந்த வழியை 1984 முதல் 2005 வரை பின்தொடர்கிறது.

எழுத்தைப் படமாக்கிய திரை

1984 ஜனவரி 24 அன்று வெளிவந்த முதல் மெக்கின்டாஷின் திரை 9 அங்குலம், 512க்கு 342 புள்ளிகள், கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்து டாஸ் கணினிகள் வரிக்கு 80 எழுத்து, 25 வரி என்ற கட்டத்துக்குள், வன்பொருளில் பதித்துவைத்த வடிவங்களையே காட்டிக்கொண்டிருந்தன. மேக்கில் ஒவ்வோர் எழுத்தும் புள்ளிகளால் வரைந்த படம். ஆகவே 'அ' என்று வரைந்து கொடுத்தால் அது 'அ' என்றே காட்டும்.

1985இல் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும் ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கரும் வந்தன. 1986இல் ஃபான்டோகிராஃபர் என்ற மென்பொருள் வந்ததும், எழுத்துரு வார்ப்பது பெரிய அச்சு நிறுவனங்களுக்கு மட்டுமே உரிய தொழிலாக இருந்த நிலை மாறியது. பொறுமையுள்ள ஒருவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு மொழிக்கே எழுத்துரு வரையலாம் என்றாயிற்று. ஈய எழுத்துகளை அடுக்கிக் கோத்த அச்சுக்கூடங்களின் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்ட கதை இங்கேதான் தொடங்குகிறது. பின்னாளில் 'டிடிபி' என்று பாரிமுனை முதல் திருவொற்றியூர் வரை கடைப் பலகைகளில் எழுதப்பட்ட தொழிலின் வேர் இதுவே.

செய்தி பரவிய விதம்

மேக் வைத்திருப்பவர் சிக்கலில் மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பது? அமெரிக்காவில் ஆடம் எங்ஸ்ட், டோனியா எங்ஸ்ட் தம்பதியர் 1990 ஏப்ரலில் 'டிட்பிட்ஸ்' என்ற மின்னிதழைத் தொடங்கினார்கள். வாரந்தோறும் மேக் செய்திகளும் குறிப்புகளும் அதில் வந்தன. ஆடம் எங்ஸ்ட் 1993இல் மேக் பயனர்களுக்காக எழுதிய இணையக் கையேட்டுடன் ஒரு வட்டும் இருந்தது. கணினியை இணையத்தோடு பேசவைக்கும் 'மேக்டிசிபி' மென்பொருள் அதில் இருந்தது. இன்னொரு பக்கம் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கணினியில் 'இன்ஃபோ-மேக்' என்ற களஞ்சியம் இருந்தது. எழுத்துரு, விசைப்பலகை அமைப்பு, சிறு மென்பொருள்கள் எல்லாவற்றையும் பயனர்கள் அங்கிருந்து இறக்கிக்கொண்டார்கள்.

அந்நாளைய குறிப்புகள் எவ்வளவு நுட்பமானவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். பழைய மேக் கோப்புக்குத் 'தரவுக் கிளை', 'வளக் கிளை' என்று இரு பகுதிகள் உண்டு. எழுத்துருவின் வடிவங்கள் இருந்தது வளக் கிளையில். யூனிக்ஸ் அல்லது டாஸ் கணினி வழியாக அந்தக் கோப்பை அனுப்பினால் வளக் கிளை உதிர்ந்துவிடும். பெறுபவர் கைக்கு வெறும் கூடுதான் வந்து சேரும். அதனால் முதலில் 'ஸ்டஃபிட்' கொண்டு சுருக்கி, பிறகு 'பின்ஹெக்ஸ்' முறையில் இரு கிளைகளையும் சேர்த்துச் சாதாரண எழுத்துகளாக மாற்றி அனுப்பினார்கள். பெற்றவர் இதே படிகளைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். இது தெரியாத ஒருவருக்குத் தமிழ் எழுத்துரு கிடைத்தும் கிடைக்காததுதான். பின்ஹெக்ஸ் கோப்பின் அளவையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டிவிடும்.

சென்னையில் அந்தக் கூடுதல் அளவு சின்ன விஷயமல்ல. வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, தனிநபருக்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் கட்டணம். வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். ஒரு பிளாப்பியை நிரப்பும் அளவுள்ள கோப்பு இறங்க, தொலைபேசி இணைப்பு அறுபடாமல் இருந்தாலும் 20 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

94 இடங்களுக்குள் தமிழ்

கல்யாணசுந்தரத்தின் மயிலை 7 பிட் எழுத்துரு. ஆங்கில விசைப்பலகையில் அச்சாகும் 94 குறிகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் முறை அது. அந்த இடநெருக்கடியை எண்ணிப் பார்த்தால் விளங்கும். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18. கு, கூ, சு, சூ போன்றவை வெவ்வேறு வடிவம் கொள்வதால் உகர, ஊகார வரிசைகளுக்குத் தனி இடம் கொடுத்தால் 36. துணைக்கால், மேல்விலங்கு, மேல்விலங்குச் சுழி, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு என 6. புள்ளி 1. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்து. ஆக 79. எண்கள் 10 சேர்த்தால் 89. மிச்சமுள்ள 5 இடங்களில் முற்றுப்புள்ளி, காற்புள்ளி, கேள்விக்குறி, இரு அடைப்புக்குறிகள் வைத்தால் வீடு நிரம்பிவிட்டது. நடுவே ஓர் ஆங்கிலச் சொல் வேண்டுமென்றால் எழுத்துருவையே மாற்றியாக வேண்டும்.

இத்தனை நெருக்கடியை ஏன் ஏற்றுக்கொண்டார்கள்? முதல் 128 இடங்கள் எல்லாக் கணினிகளிலும் ஒன்றே. அடுத்த 128 இடங்கள் அப்படியல்ல.

142 எப்படி 233 ஆனது

மேக் தன் மேற்பாதி 128 இடங்களை 'மேக் ரோமன்' வரிசையில் அடுக்கியிருந்தது. விண்டோஸ், யூனிக்ஸ் கணினிகள் 'லத்தீன்-1' வரிசையைச் சார்ந்திருந்தன. பிரெஞ்சு மொழியின் சாய்கோடிட்ட 'e' எழுத்து மேக்கில் 142ஆம் இடம். லத்தீன்-1இல் 233ஆம் இடம். அஞ்சல் அனுப்பும்போது மேக் மென்பொருள் 142ஐ 233 ஆக மாற்றி அனுப்பும். பிரெஞ்சுக்காரருக்கு அது உதவி. தமிழருக்கோ விபரீதம். 142ஆம் இடத்தில் தமிழ் எழுத்து ஒன்றை வைத்து எழுதிய கடிதம், மறுமுனையில் 233ஆம் இடத்தில் இருக்கும் வேறு தமிழ் எழுத்தாகப் போய்ச் சேரும். லத்தீன்-1இல் உள்ள சில குறிகளுக்கு மேக் ரோமனில் இடமே கிடையாது. அவை தொலைந்தும் போகும்.

தமிழ் மேக் பயனர்களின் குறிப்புகள் இந்தச் சிக்கலைச் சுற்றியே வளர்ந்தன. நெட்ஸ்கேப் உலாவியின் அமைப்புகளில் எழுத்து வகைக்குப் 'பயனர் வரையறுத்தது' என்பதைத் தேர்ந்து, தமிழ் எழுத்துருவை அங்கே பொருத்த வேண்டும். அப்போது உலாவி எண்களை மாற்றாமல் வந்தபடியே காட்டும். அஞ்சலில் கோப்பை இணைத்து அனுப்பினால் அது உருமாறாது. ஆங்கிலத்தையும் தமிழையும் ஒரே எழுத்துருவில் எழுதத் துணிந்தவர்களுக்கு இவை அன்றாட அறிவு.

சிங்கப்பூரும் சென்னையும்

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியது. அதன் தமிழ்ப் பகுதிக்குப் பின்னால் நின்றவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு அங்கே கூடியது. அதைத் தொடர்ந்து உலகெங்கும் இருந்த தமிழ்க் கணிமையாளர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து 'திஸ்கி' என்ற 8 பிட் குறியீட்டு முறையை உருவாக்கினார்கள். கீழ்ப்பாதியில் ஆங்கிலம், மேல்பாதியில் தமிழ் என்பது அதன் அமைப்பு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆகியோர் அந்த முயற்சியில் முக்கியமானவர்கள். மேக், விண்டோஸ், யூனிக்ஸ் மூன்றிலும் அது செல்ல வேண்டும் என்பது வரைவின் அடிப்படை எதிர்பார்ப்பு.

அனுபவம் வரைவைத் திருத்தியது. 173ஆம் இடத்தில் 'இ' வைக்கப்பட்டிருந்தது. சொல்லை வரியின் இறுதியில் பிரிக்க உதவும், கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறிக்கு லத்தீன்-1 ஒதுக்கிய இடம் அது. சில உலாவிகள் அந்த மரபைப் பின்பற்றி 'இ'யை விழுங்கின. 'இரவு' என்று எழுதினால் 'ரவு' என்று தெரியும். 1.7ஆம் பதிப்பில் 'இ'க்கு 254ஆம் இடமும் கொடுத்து இந்தக் குறையைப் போக்கினார்கள். படித்தவர் முறையிட, வகுத்தவர் திருத்தினார். இந்தக் காலக்கட்டத்தின் பெருமை அது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டுக்குப் பிறகு, அவ்வாண்டு ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு தாம், தாப் என்ற இரு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. குறியீட்டு முறைகளின் ஆயுள் நீளவில்லை. விசைப்பலகை நிலைத்தது.

இணைமதி

எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டு முறையின் 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு யூனிகோட் தமிழைக் காட்டத் தொடங்கியது. மேக்கோ பின்தங்கியது. 1990களின் பிற்பகுதியில் ஆப்பிள் வெளியிட்ட இந்திய மொழித் தொகுப்பில் தேவநாகரி, குஜராத்தி, குர்முகி மூன்றே இருந்தன. தமிழ் இல்லை.

யூனிகோடில் 'கெ' என்பதை முதலில் 'க', அடுத்து ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கிறோம். திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தை விண்டோஸ் ஒரு வகையாகவும் மேக் வேறு வகையாகவும் செய்தன. அதனால் விண்டோஸின் லதாவை மேக்கில் போட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது.

2005 ஏப்ரல் 29 அன்று வெளிவந்த மேக் ஓஎஸ் 10.4 'டைகர்' பதிப்பில் இந்தக் குறை தீர்ந்தது. தமிழ் எழுத்துருவும், தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகை முறைகளும் இயங்குதளத்தோடு வந்தன. எழுத்துருவின் பெயர் 'இணைமதி'. உருவாக்கியவர் முத்து நெடுமாறன். மதுரைத் திட்டத்தின் தொடக்கக் கால மின்னூல்களைப் படிக்கப் பயன்பட்ட எழுத்துருவின் பெயரும் இணைமதிதான். தன்னார்வலர் கையில் வளர்ந்த பெயர் ஆப்பிளின் எழுத்துருப் பட்டியலில் ஏறியது. 1999இல் சென்னையில் முடிவான விசைப்பலகை 2013இல் ஐஓஎஸ் 7 வழியாக ஐபோனுக்கும் வந்தது.

ராயபுரத்து அலமாரிகளில் இருப்பவை

1998க்கும் 2005க்கும் இடையே இணையத்தில் ஏறிய தமிழ் பெருமளவு யூனிகோடுக்கு மாற்றப்பட்டுவிட்டது. அச்சுக்குப் போன தமிழ் அப்படி மாறவில்லை. ஆண்டர்சன் தெருவின் அழைப்பிதழ் அச்சகங்கள், ராயபுரம், தண்டையார்பேட்டைக் கணினி அச்சுக் கடைகள், திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்சங்க அலுவலகங்கள் போன்ற இடங்களில் 1990களின் வட்டுகள் மிஞ்சியிருந்தால், அவை வடசென்னையின் ஆவணங்கள். வேலைநிறுத்தத் துண்டறிக்கையும் மீனவர் சங்கத் தீர்மானமும் மாதா கோயில் திருவிழா அழைப்பும் நூலகங்களில் எளிதில் கிடைப்பவை அல்ல.

அத்தகைய வட்டுகளை வைத்திருப்போர் மூன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்று, எழுத்துருக் கோப்பையும் சேர்த்தே காப்பாற்றுங்கள். எந்த எழுத்துரு என்று தெரிந்தால்தான் யூனிகோடுக்கு மாற்ற முடியும். இரண்டு, 400, 800 கிலோபைட் அளவுள்ள பழைய மேக் பிளாப்பிகளைச் சாதாரண பிசி இயக்கியால் படிக்க இயலாது. பழைய மேக் இயந்திரம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். மூன்று, அங்கிருந்து எடுக்கும் எழுத்துருக்களை விண்டோஸ் வழியாக நேராக நகலெடுக்காதீர்கள், வளக் கிளை போய்விடும். பின்ஹெக்ஸ் முறையிலேயே மாற்றி எடுங்கள். காந்த வட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு அழிந்துகொண்டிருக்கின்றன. கடற்காற்று வீசும் ஊரில் அந்த அழிவு இன்னும் விரைவாக நடக்கும். இந்த வேலையை இந்த ஆண்டே தொடங்குங்கள்.