தாய்லாந்தில் கடை போடப் போகிறீர்களா? காப்பை அடகு வைக்க முன் ஒரு கணக்கு

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு ஒரு முகவர் சொன்னார்: "தம்பி, பாங்கொக்கில ஒரு சாப்பாட்டுக் கடை போட்டால் காணும். கடையை அந்த நாட்டு ஆள் ஒருத்தரின்ர பேரில பதிவம். விசா எல்லாம் நான் பாக்கிறன்." கேட்ட தொகை 20 இலட்சம் ரூபாய். அம்மா ஒன்றும் பேசாமல் காப்புகளைக் கழற்றத் தொடங்கினார். 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியேறியபோது எங்களிடம் மிஞ்சியது அந்த ஒரு சோடிக் காப்புத்தான்.

நான் ஒரு கிழமை தவணை கேட்டேன். அந்தக் கிழமையில் தேடி வாசித்ததையும், பின்னர் விசாரித்து அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். இதே பேச்சை வேறு விறாந்தைகளிலும் யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கடை போடுவது ஏன் கடினம்?

தாய்லாந்தில் வெளிநாட்டவர் தொழில் செய்வதை 1999ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் வணிகச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஒரு நிறுவனத்தின் பங்குகளில் பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டவரிடம் இருந்தால் அது வெளிநாட்டு நிறுவனம். உணவு, பானம் விற்பதும் சிறு முதலீட்டுச் சில்லறைக் கடையும் சிறப்பு அனுமதி இல்லாமல் அத்தகைய நிறுவனம் செய்ய முடியாத தொழில்கள். நாங்கள் கனவு காணும் இடியப்பக் கடையும் பலசரக்குக் கடையும் அதற்குள்தான் வருகின்றன.

தாய்லாந்து நாட்டவருக்குப் பெரும்பான்மைப் பங்கு கொடுத்து நிறுவனம் தொடங்கினாலும், அதில் நீங்கள் வேலை செய்ய வேலை அனுமதிப் பத்திரம் வேண்டும். பொதுவாக ஒரு வெளிநாட்டவரின் அனுமதிக்கு 20 இலட்சம் பாத் மூலதனமும் நான்கு தாய்லாந்து ஊழியர்களும் காட்ட வேண்டும். ஒரு பாத் ஒன்பது ரூபாய் என்று வைத்தால் அந்த மூலதனம் 1 கோடியே 80 இலட்சம் ரூபாய்.

முகவர் சொன்ன 'பேருக்கு ஒருவர்' முறை அதே சட்டத்தில் குற்றம். மூன்று வருடம் வரை சிறையும், 1 இலட்சம் முதல் 10 இலட்சம் பாத் வரை தண்டமும் உண்டு. பெயர் கொடுத்தவர் ஒருநாள் கடை தன்னுடையது என்றால், நீங்கள் பொலிசுக்கும் போக முடியாது. போனால் உங்கள் குற்றத்தையும் நீங்களே சொல்ல வேண்டும்.

கூலி வேலை செய்து சமாளிக்கலாமா?

அனுமதியின்றி வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாத் வரை தண்டம் கட்டி நாடு கடத்தப்படுவீர்கள். தெரு வியாபாரம், முடி திருத்துதல், மசாஜ், இரத்தினக்கல் வெட்டித் தீட்டுதல் போன்றவை அந்நாட்டவருக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை.

2024 ஜூலையில் இலங்கையருக்கும் 60 நாள் விசா விலக்கு அறிவிக்கப்பட்டது. இப்படியான சலுகைகள் மாறக்கூடியவை. பயணத்துக்கு முன் தூதரகத்தில் உறுதிசெய்யுங்கள். எத்தனை நாள் என்றாலும் அது சுற்றுலாவுக்கானது, வேலைக்கானது அல்ல. நாள் கடந்தால் தினம் 500 பாத், அதிகபட்சம் 20,000 பாத் தண்டம். நாள் கடந்து தங்கிப் பிடிபட்டவருக்கு, அது ஒரு வருடத்துக்குள் என்றால் 5 வருடமும், அதைத் தாண்டினால் 10 வருடமும் நுழைவுத் தடை.

புகலிடம் தேடுவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் தாய்லாந்து இணையவில்லை. பாங்கொக்கில் ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. ஆனால் அதன் அட்டை வேலை செய்யும் உரிமையைத் தராது. 2010இல் பாங்கொக்கில் எங்களவர்கள் பெருந்தொகையாகக் கைதாகித் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

'கணினி வேலை, நல்ல சம்பளம், சுற்றுலா விசாவில் வாருங்கள்' என்றால் இன்னும் கவனம். தாய்லாந்தின் மே சொட் எல்லையைக் கடத்தி, மியன்மாரின் மியாவடியில் உள்ள இணைய மோசடி முகாம்களில் இலங்கை இளைஞர்கள் பலர் அடிமைகளாக வைக்கப்பட்டார்கள்.

பிறகு எது வழி?

தொழிலை இங்கே தொடங்கி, வருமானத்தை வெளிநாட்டிலிருந்து பெறுவது. 2024 ஜூலையில் தாய்லாந்து அறிமுகப்படுத்திய டி.டி.வி. விசா, தாய்லாந்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு இணையவழி வேலை செய்வோருக்கும் உரியது. ஐந்து வருடம் செல்லுபடியாகும்; ஒவ்வொரு வருகைக்கும் 180 நாள் தங்கலாம். வாழ்க்கைத் துணையையும் 20 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் சேர்க்கலாம். வங்கியில் 5 இலட்சம் பாத் காட்ட வேண்டும். மேற்சொன்ன கணக்கில் 45 இலட்சம் ரூபாய். இந்த விசாவில் அங்குள்ள வாடிக்கையாளருக்கு வேலை செய்ய முடியாது.

45 இலட்சமும் சிறு தொகை இல்லை. ஆனால் அது முகவரின் கைக்குப் போகும் காசு அல்ல, உங்கள் கணக்கிலேயே இருக்கும் காசு. இதற்காகச் செய்ய வேண்டியவை சில:

தொழிற்பெயரைப் பதிவு செய்யுங்கள். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரித்தால் நடைமுறையைச் சொல்வார்கள்.

கொடுப்பனவை வங்கி ஊடாக மட்டும் வாங்குங்கள். உண்டியலில் வந்த காசை எந்தத் தூதரகத்திலும் வருமானமாகக் காட்ட முடியாது.

செய்த வேலைகள், ஒப்பந்தங்கள், பற்றுச்சீட்டுகளைத் திகதி வாரியாகச் சேர்த்து வையுங்கள்.

காணி உறுதியையோ கடவுச்சீட்டையோ எவரிடமும் 'பொறுப்பு' வைக்காதீர்கள்.

நான் இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள எங்களவர் கடைகளுக்கு விளம்பரப் பலகையும் திருமண அழைப்பிதழும் வடிவமைத்துக் கொடுக்கிறேன். முதல் மாத வருமானம் மின்கட்டணத்துக்கே போதவில்லை. இன்று ஒரு தங்கச்சியையும் வேலைக்கு வைத்திருக்கிறேன். 45 இலட்சத்தில் பாதியைக்கூட நான் இன்னும் எட்டவில்லை. எட்டும்போது போவேனா என்றும் இப்போதெல்லாம் யோசிக்கிறேன். போனாலும் போகாவிட்டாலும் தொழில் என்னுடையது.

முகவர் பிறகு இரண்டு தடவை அழைப்பெடுத்தார். காப்பு அம்மாவின் கையிலேயே இருக்கிறது.