உமிச்சாம்பல் எந்த வாசலில் நுழைய வேண்டும்? விழுப்புரம், திண்டிவனம் அரிசி ஆலைகளை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

அரிசி ஆலைப் பாய்லரிலிருந்து வரும் உமிச்சாம்பல் சிமெண்டுக்கு ஆகாது என்பது கட்டுமானப் பொருளியல் ஆய்வுகளில் ஏறத்தாழ விவாதமே இல்லாமல் நிலைத்துவிட்ட முடிவு. அதைத் தாங்கி நிற்பவை இரண்டு. ஒன்று, 1970களில் பெர்க்லியில் பி. குமார் மேத்தா தொடங்கிவைத்த ஆய்வு மரபு: உமியைக் கட்டுப்பாடான வெப்பத்தில் எரித்தால்தான் சிலிக்கா படிகமாகாமல் வினைத்திறனோடு நிற்கும். இதில் எனக்கு மறுப்பு இல்லை. மற்றது, ஐஎஸ் 456:2000 என்னும் இந்தியக் கான்கிரீட் நெறிமுறையின் 5.2.1.3ஆம் பிரிவு. இது ஆலைச் சாம்பலுக்கு எதிரான தடையாணையாக மேற்கோள் காட்டப்பட்டு வருகிறது. அந்த வாசிப்பு பிழையானது என்று கருதுகிறேன்.

பிரிவு சொல்வது என்ன? வேண்டிய செயல்திறனும் சீர்மையும் உள்ள உமிச்சாம்பலை, முடிவெடுக்கும் அதிகாரியின் ஒப்புதலோடு சேர்க்கலாம் என்பதே அதன் உடல். அதன் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது. சிலிக்காவைப் படிகமற்ற நிலையில் பெற, கட்டுப்படுத்திய வெப்பத்தில் உமியை எரிக்கலாம் என்கிறது அக்குறிப்பு. ஒவ்வொரு மூலத்திலிருந்து வரும் சாம்பலையும் தனியே மதிப்பிட வேண்டும், ஏனெனில் அது வண்டல் மண் அளவுக்குக் கான்கிரீட்டைக் கெடுக்கவும் கூடும் என்கிறது. நீர்த்தேவையையும் உலர்சுருக்கத்தையும் முன்னதாக ஆராயச் சொல்கிறது. ஆலைச் சாம்பலை மறுப்பவர்கள் வண்டல் மண்ணோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒப்பீடு சோதனை ஏன் தேவை என்பதற்கான காரணமாக வருகிறது. சோதனையின் முடிவாக வரவில்லை. கட்டுப்பாடான எரிப்பும் அங்கே ஒரு வழியாகச் சுட்டப்படுகிறதே தவிர, நிபந்தனையாக வைக்கப்படவில்லை. சாம்பலின் மீதான நிபந்தனை இரண்டே: செயல்திறன், சீர்மை. அவை சாம்பல் எப்படி எரிந்தது என்பதைக் கேட்பதில்லை, எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் கேட்கின்றன.

அதைவிட முக்கியம், குறிப்பு கையாளும் அலகு. 'ஆலைச் சாம்பல்' என்ற பொது இனத்தை அது தீர்ப்புக்கு உட்படுத்தவில்லை. 'ஒரு மூலத்தை' உட்படுத்துகிறது. ஒரே பாய்லர், ஒரே விதமாக உமி தள்ளும் முறை, ஏறத்தாழ ஒரே பகுதியின் நெல் என்று இயங்கும் திண்டிவனத்து ஆலை ஒன்று இந்தப் பொருளில் ஒரு மூலமே. பத்து ஆலைகளின் குவியலைக் கலந்து எடுத்த மாதிரி, முடிவு எதுவானாலும், நெறிமுறை கேட்ட சோதனை ஆகாது.

குவியலை நேரில் பார்த்தவர்களுக்கு, ஒரே குவியலுக்குள்ளும் சாம்பல் மாறுபடுவது புதிதல்ல. பாய்லரிலிருந்து வாரிக் கொட்டித் தண்ணீர் தெளித்த பிறகும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். மேலே கரியாக, இரண்டடி தோண்டினால் சாம்பல் நிறமாக, நடுவில் வெளுப்பாக இருக்கும். உமியின் படகு வடிவம் அப்படியே நிற்கும். விரலிடையே நசுக்கினால் தூளாகிவிடும். வெளுப்பைத் தரத்தின் அடையாளமாகக் கொள்ளும் பழக்கம் களத்தில் இருக்கிறது. அது ஏமாற்றும். 800 பாகைக்கு மேல் நெடுநேரம் வெந்து படிகமான சாம்பலும் வெளுப்புதான். கரி மிகுந்த கறுப்புச் சாம்பலுக்குள் சிலிக்கா படிகமாகாமல் இருக்கவும் கூடும். நிறம் கரியின் அளவைச் சொல்லும், படிக நிலையைச் சொல்லாது. அதற்கு எக்ஸ்கதிர் விளிம்புவிளைவுப் படம்தான் வேண்டும்.

இனி என் உண்மையான மறுப்புக்கு வருகிறேன். 5.2.1.3 கான்கிரீட்டுக்கான நெறிமுறையில், கலவையில் சேர்க்கும் கனிமப் பொருள்களின் பகுதியில் இருக்கிறது. சிமெண்டுச் சூளைக்குள் போகும் மூலப்பொருளைப் பற்றி அது பேசவே இல்லை. (சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கான ஐஎஸ் 269:2015, அரைக்கும்போது 5 விழுக்காட்டுக்குள் சேர்க்கத்தக்க பொருள்களில் உமிச்சாம்பலையும் வைத்திருக்கிறது, இதை மேற்கோள் காட்டுவோர் ஏனோ குறைவு.) சூளையின் 1,450 பாகையில் சிலிக்கா முன்பு படிகமா அல்லவா என்ற கேள்வி பெரும்பாலும் பொருளற்றுப் போகிறது, அது சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் சிலிகேட்டாக மாறிவிடும். கான்கிரீட்டில் குற்றமான எரியாக் கரி இங்கே எரிபொருள். நகராட்சிக் குப்பையிலிருந்து பிரித்த எரிபொருளுக்கு 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல் சாம்பல், ஈரம், குளோரின் ஆகியவற்றுக்கு வரம்பு வைக்கிறது. அந்தச் சாம்பல் படிகமா என்று யாரும் கேட்பதில்லை. உமிச்சாம்பலுக்கு மட்டும் ஏன் அந்தக் கேள்வி?

கணக்கைச் சற்று ஓட்டிப் பார்க்கலாம். ஒரு டன் நெல்லில் சுமார் 200 கிலோ உமி. அதில் சுமார் 40 கிலோ சாம்பல். ஒரு டன் கிளிங்கருக்கு (சூளையிலிருந்து வரும் சிமெண்டுக் கட்டி) 10 கிலோ சாம்பல் தருவதாகவும், அதில் 15 விழுக்காடு கரி என்றும் கொள்வோம். கரி, சூளைக்கு வேண்டிய சுமார் 7.5 லட்சம் கிலோகலோரியில் ஒன்றரை விழுக்காட்டைத் தரும். மிச்சத்தில் ஏறத்தாழ 7.6 கிலோ சிலிக்கா. அது 21 கிலோ சுண்ணாம்பைக் கட்டிப்போடும். மூலக்கலவையைத் திருத்தாவிட்டால் சுண்ணாம்பு நிறைவுக் காரணி ஏறத்தாழ 3 புள்ளி சரியும். எந்தச் சூளை வேதியியலாளரும் பொறுக்க மாட்டார். அதே அளவு சிலிக்காவை மூலக்கலவையின் மற்ற பொருள்களில் குறைத்தால் சிக்கல் தீர்ந்தது. நாளுக்கு 3,000 டன் கிளிங்கர் தரும் சூளை இந்த வீதத்தில் 30 டன் சாம்பலை, அதாவது சுமார் 750 டன் நெல்லின் சாம்பலை விழுங்கும். ஆலைக்கு ஆலை மாறும் தன்மை கான்கிரீட் கலவையில் ஆபத்து. இந்த அளவுப் பெருக்கில் அது கரைந்துபோகிறது.

உமியையே சூளைக்கு அனுப்பலாமே என்பவர்களுக்கு: உமி இங்கே கழிவு அல்ல. நெல் அவிக்கும் பாய்லருக்கும் செங்கல் சூளைக்கும் அதற்கு விலை உண்டு. விலை இல்லாதது சாம்பல்தான். எடை குறைந்த சரக்கைத் தூரம் கொண்டுபோவது கட்டுப்படியாகாது என்ற ஆட்சேபத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியே, சிமெண்டு ஆலைகள் உள்ள அரியலூருக்கு ரயில் பாதையே இருக்கிறது, சாம்பலை நனைத்துக் கட்டியாக்கவும் முடியும். பக்கத்து நெய்வேலி அனல்மின் நிலையங்களின் சாம்பல் இருக்க இது எதற்கு என்பதும் தடம் மாறிய கேள்வி. அது கிளிங்கரோடு அரைபடும் பொருள். இது சூளைக்குள் போகும் பொருள்.

ஆட்சேபங்களில் ஒன்று மட்டும் கனமானது. கரி உள்ள சாம்பலை மூலக்கலவையோடு அரைத்து, சூளைக்கு முன்னுள்ள பிரீஹீட்டரின் உச்சியில் விட்டால், அங்கே அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு கிளம்பும். எனவே அதன் கீழேயுள்ள கால்சினரில் நேராகச் செலுத்துவதே முறை. அதற்குத் தனி ஊட்டுகுழாயும் எடைக்கருவியும் வேண்டும், செலவு உண்டு. மாதிரி எடுப்பதும் குவியலிலிருந்து அல்ல, பாய்லரின் வாயிலிலேயே, நீர் தெளிக்கும் முன்பு நடக்க வேண்டும். படிகச் சிலிக்காத் தூசி நுரையீரலுக்குத் தீங்கு என்பதால் அந்த இடத்தில் நிற்கும் தொழிலாளிக்குத் தகுந்த முகக்கவசம் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது.