தட்டணுக் குறைவு வியாதியும் அதன் முதற் சோதனைகளும்

அடிபட்ட சுவடே இல்லாத தோலில் ஊசிமுனை அளவான செம்புள்ளிகள் கூட்டங்கூட்டமாகத் தோன்றுவதும், பல் துலக்கும்போது ஈறுகளில் இரத்தம் கசிவதும், மூக்கிலிருந்து வடியத் தொடங்கிய குருதி எளிதில் நிற்க மறுப்பதுமாகத் தன்னை அறிவித்துக்கொள்ளும் வியாதி ஒன்றை ஹனோவர் நகரத்து வைத்தியர் பால் வெர்ல்ஹோஃப் 1735-ஆம் ஆண்டில் விவரித்து எழுதினார். அதன் காரணத்தை அவர் அறிய வழியில்லை. இரத்தத்தில் தட்டணு என்றொரு பொருள் உண்டு என்பதே அவர் காலத்தில் எவருக்கும் தெரியாது. துரின் நகரத்து ஜூலியோ பிட்ஸோஸெரோ 1882-இல் அந்த நுண்ணிய தட்டுக்களைத் தனிப் பொருளாக இனங்கண்டு, இரத்தக் கசிவை அடைப்பதில் அவற்றுக்குள்ள பங்கை எடுத்துக்காட்டிய பின்னரே, இவ்வியாதியில் குறைந்திருப்பது அவைதாம் என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. ஆரோக்கியமான உடலில் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் இந்நோயாளரிடம் இருபதினாயிரத்துக்கும், பத்தாயிரத்துக்கும், சிலரிடம் அதற்கும் கீழேயும் போய்விடுகின்றன.

இந்த வியாதியின் சிகிச்சைச் சரித்திரத்தை ஆராய்வோருக்கு ஒரு விசேஷம் புலப்படும். வேறு பல வியாதிகளில் ஒரு மருந்து பலித்ததா என்று அறிய மாதங்களும் ஆண்டுகளும் காத்திருக்க வேண்டியிருக்க, இங்கோ இன்று மருந்தைக் கொடுத்து, நாளைக் காலையில் ஒரு துளி இரத்தத்தை எடுத்து எண்ணினால், விடை கிடைத்துவிடுகிறது. ஆகையால் இதன் முதற் சோதனைகள் வியக்கத்தக்க அளவு சிறியவையாக இருந்தும், கேட்டவர்களை நம்பவைக்கும் வலிமை பெற்றிருந்தன. அந்த விரைவே ஆய்வாளருக்கு வரமாகவும், சில சமயம் கண்கட்டாகவும் அமைந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1916-இல் பிராக் நகரத்தில் மருத்துவ மாணவராக இருந்த பால் காஸ்னெல்சன், தட்டணுக்களை அழிப்பது மண்ணீரலே என்று அநுமானித்து, அதை அறுத்து எடுத்துவிடலாமே என்று தம் ஆசிரியரிடம் சொல்ல, ஒரே ஒரு பெண்மணியின் உடலில் அது செய்யப்பட்டு, எண்ணிக்கை ஏறியது. மாணவரின் சொல்லைக் கேட்டுக் கத்தியை எடுத்த அந்த ஆசிரியரின் மனமும் நினைவுகூரத்தக்கதே. ஆனால் மண்ணீரல் எதனால் தட்டணுக்களைப் பகைக்கிறது என்ற கேள்வி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விடையின்றிக் கிடந்தது.

அந்த விடை 1950-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்து பார்ன்ஸ் மருத்துவமனையில், இன்றைய நெறிக்குழு எதுவும் அநுமதிக்காத ஒரு காரியத்தின் வழியாக வந்தது. குற்றம் நோயாளியின் இரத்தத்திலேயே கரைந்திருக்கும் ஏதோ ஒரு பொருளில் இருக்க வேண்டும் என்று ஐயுற்ற வில்லியம் ஹாரிங்டனும் ஜேம்ஸ் ஹாலிங்ஸ்வொர்த்தும், நோயாளி ஒருவரின் இரத்தத்தில் அரை லிட்டர் அளவை ஹாரிங்டனின் உடலிலேயே செலுத்தினார்கள். சில மணி நேரத்துக்குள் அவருடைய தட்டணுக்கள் ஏறக்குறைய மறைந்தே போயின. குளிரும் காய்ச்சலும் கண்டு, வலிப்பும் வந்து, தோலில் செம்புள்ளிகள் தோன்றின. எண்ணிக்கை மீண்டு ஏற ஐந்து நாட்கள் அளவில் ஆயிற்று. அதன் பின்னும் அஞ்சாமல் அந்த ஆய்வுக்கூடத்தவர் பலர் தம் உடலையே அளித்தார்கள் என்பதும், 1951-இல் அதன் முடிவுகள் பிரசுரமாயின என்பதும் இத்துறையில் இன்றும் மரியாதையோடு சொல்லப்படுகின்றன. துணிவைப் போற்றலாம், அது பின்பற்றத்தக்க முறை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. எவ்வாறாயினும், உடல் தன் தட்டணுக்களுக்கு எதிராகத் தானே எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது என்ற கொள்கை அதன் பின் ஸ்திரப்பட்டது. அப்பொருள் இம்யூனோகுளோபுலின் ஜி என்ற வகுப்பைச் சேர்ந்தது என்பது 1960-களில் உறுதியாயிற்று. ஸ்டீராய்டு மருந்துகள் அதற்கு முன்பே வழக்கத்துக்கு வந்திருந்தன.

இப்பின்னணியில்தான் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துக் குழந்தை மருத்துவர் பால் இம்பாக் கண்ட காட்சியின் விசித்திரத்தை உணர முடியும். கடும் தட்டணுக் குறைவால் அல்லலுற்ற ஒரு சிறுவனுக்கு நெடுநாள் நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகள் கொடுக்கப்பட்டதன் விளைவாக, அவன் இரத்தத்தில் இயல்பாக இருக்க வேண்டிய காமா குளோபுலினும், அதாவது இம்யூனோகுளோபுலினும், குறைந்துபோயிற்று. அக்குறையை நிரப்புவதற்காக, தட்டணுக்களைப் பற்றிய எண்ணமே இன்றி, இரத்த தானம் செய்த ஏராளமானோரின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினை இரத்தக் குழாய் வழியே செலுத்தினார்கள். செலுத்திய அளவிலேயே தட்டணுக்கள் விரைந்து ஏறத் தொடங்கின. வியாதிக்குக் காரணம் இம்யூனோகுளோபுலின் என்று ஒருபுறம் நிலைநாட்டப்பட்டிருக்க, அதே வகுப்புப் பொருளை ஏராளமாகக் கொட்டுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகவல்லவா முடிந்திருக்க வேண்டும்?

இந்தச் சந்தர்ப்பம் பெர்ன் நகரத்தில் வாய்த்ததற்கும் ஒரு காரணம் உண்டு. காமா குளோபுலினைத் தசையில் ஊசியாகப் போடுவதே முன்னாளைய வழக்கம். இரத்தக் குழாயில் செலுத்தினால், அதிலுள்ள திரண்ட மூலக்கூறுக் கட்டிகள் கடுமையான விபரீதங்களை உண்டாக்கின. தட்டணுக் குறைந்தவனின் தசையிலோ ஊசி குத்தினால் உள்ளே இரத்தம் கட்டிக்கொள்ளும். அந்நகரத்தைச் சேர்ந்த சில்வியோ பராண்டுன் முதலியோர் பல ஆண்டுகள் உழைத்து, இரத்தக் குழாயில் ஆபத்தின்றிச் செலுத்தத்தக்க வகையில் அப்பொருளைத் திருத்தியிருந்தனர். தற்செயலைக் காணும் கண் இம்பாக்கினுடையதாயினும், அது நேர்வதற்கான மேடை பிறரால் முன்னமே போடப்பட்டிருந்தது.

ஒரு சிறுவனிடம் கண்டதை விதியென்று அறிவிக்காமல், இம்பாக்கும் அவர் குழுவினரும் பதின்மூன்று குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். உடலெடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.4 கிராம் வீதம் ஐந்து நாட்கள் செலுத்தினார்கள். 1981-இல் லான்செட் இதழில் வெளியான அவர்களுடைய அறிக்கையின்படி அனைவருக்கும் தட்டணுக்கள் ஏறின. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. போலி மருந்து இல்லை. சீட்டுக் குலுக்கிப் பிரித்தலும் இல்லை. குழந்தைகளிடம் திடீரென வரும் தட்டணுக் குறைவு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் மருந்தின்றியே மறையும் என்பதை அறிந்த ஒருவர், ‘இது தானாக ஏறியதாக இருக்கலாகாதா?’ என்று கேட்பது நியாயமே. அதற்குரிய விடை, ஏறிய வேகத்திலும், நெடுநாளாக இறங்கியே கிடந்த குழந்தைகளிடமும் ஏறியதிலும் இருந்தது. ஆயினும் ஐயத்துக்கு முறையான மறுமொழி, ஸ்டீராய்டோடு இதை ஒப்பிட்டுப் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 1985-இல் வெளியிட்ட சோதனையில்தான் கிடைத்தது. எண்ணிக்கை ஏறிய பலருக்குச் சில வாரங்களில் அது மீண்டும் இறங்கியது என்பதையும் மறைப்பதற்கில்லை.

பலித்தது ஏன் என்ற விசாரம் இன்னொரு சிகிச்சையைப் பெற்றது. எதிர்ப்பொருள் ஒட்டிய தட்டணுக்களைப் பிடித்து உண்பவை மண்ணீரலிலுள்ள விழுங்கணுக்கள். அவற்றின் வாய்க்கு வேறு இரை கிடைத்துவிட்டால் தட்டணு தப்பும் அல்லவா? ஜெர்மனியின் கீஸன் நகரத்து அப்துல்கபார் சலாமாவும் கிறிஸ்டியான் முல்லர்-எக்கார்ட்டும் 1983-இல் இவ்வாறு எண்ணி, ஆர்எச் நேர்வகை இரத்தம் உடையவர்களுக்கு அதன் சிவப்பணுக்களில் ஒட்டும் ஆன்டி-டி என்ற எதிர்ப்பொருளைக் கொடுத்தார்கள். விழுங்கணுக்கள் சிவப்பணுக்களோடு போராடிக்கொண்டிருக்க, தட்டணுக்கள் பெருகின. சிவப்பணுக்களில் ஒரு பகுதி அழிவதே அதற்குரிய விலை. ஆர்எச் எதிர்வகையினருக்கு அது பயன்படாது, மண்ணீரல் இழந்தவர்களுக்கும் பெரும்பாலும் பயன்படாது. முள்ளை முள்ளால் எடுக்கும் நம் பழவழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் மருத்துவத்தில் அரிது.

அழிவைத் தடுப்பதோடு நில்லாமல் உற்பத்தியைப் பெருக்கலாமே என்ற எண்ணம், தட்டணு உற்பத்தியைத் தூண்டும் திராம்போபொயட்டின் 1994-இல் பிரித்தறியப்பட்ட பின் வலுத்தது. அதன் சாயலில் செய்த பொருளொன்றை ஆரோக்கியமான தன்னார்வலர் 325 பேருக்குக் கொடுத்தபோது எண்ணிக்கை ஏறி, யாவரும் மகிழ்ந்தனர். பின்னர் அவர்களுள் 13 பேருக்கு அப்பொருளையே எதிர்க்கும் எதிர்ப்பொருள் தோன்றி, உடலின் சொந்தத் திராம்போபொயட்டினையும் செயலறச் செய்து, தட்டணுக்களைக் குறைத்துவிட்டது. எந்த வியாதியைத் தீர்க்கப் புறப்பட்டார்களோ, அதற்கு ஒப்பானது வியாதியே இல்லாதவர்களிடம் விளைந்தது. மறுநாட் காலையில் கிடைக்கும் எண், மாதங்கள் கழித்து வரப்போவதைச் சொல்லவில்லை. 1998-இல் அம்முயற்சி கைவிடப்பட்டது.

ஆகவே ரோமிப்லோஸ்டிம் என்று பின்னர் பெயர் பெற்ற மருந்தை அமைத்தவர்கள், திராம்போபொயட்டினின் பணியைச் செய்தும் அதன் அமினோ அமில வரிசையில் எதையும் ஒவ்வாத சிறு புரதத் துண்டுகளை எதிர்ப்பொருளின் ஒரு பகுதியோடு இணைத்தார்கள். நோயாளிகளிடம் நடந்து 2006-இல் வெளியான அதன் முதற் சோதனைகளில், முதற் கட்டத்தில் 24 நோயாளிகளும், சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சிலருக்குப் போலி மருந்தும் கொடுத்த இரண்டாம் கட்டத்தில் 21 நோயாளிகளும் இருந்தார்கள். இம்முறை எண்ணிக்கைக்குக் கீழ் எல்லை 50,000 என்றும் மேல் எல்லை 4,50,000 என்றும் முன்கூட்டியே வகுத்தார்கள்; மிக உயர்ந்த அளவைப் பெற்றவருக்கு எண்ணிக்கை அந்த எல்லையையும் தாண்டியதால் அவ்வளவைக் கொடுப்பதையே நிறுத்தினார்கள். தட்டணுக்களை எண்ணியதோடு, மருந்தை எதிர்த்தோ உடலின் சொந்தத் திராம்போபொயட்டினை எதிர்த்தோ எதிர்ப்பொருள் தோன்றுகிறதா என்று நோயாளிகளின் இரத்தத்தில் தேடியும் பார்த்தார்கள். அத்தகைய எதிர்ப்பொருள் எதுவும் அகப்படவில்லை.