மிதப்பதன் விலை: நீர்நிலக் கவச வேவு வண்டிகளின் வடிவமைப்பை முன்வைத்து

நீரிலும் நிலத்திலும் செல்லும் கவச வேவு வண்டிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். பாலம் இல்லாமலே ஆறு கடக்கும் வண்டி என்று வியக்கிறார்கள்; இல்லையென்றால் கனரக எந்திரத் துப்பாக்கிக்கே தாங்காத தகரப் பெட்டி என்று ஒதுக்குகிறார்கள். நீந்தும் திறனை வண்டி உருவான பிறகு சேர்த்த ஒரு கூடுதல் வசதியாகக் கருதுவதில் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன. சோவியத் ஒன்றியத்தின் பிஆர்டிஎம்-2, பிடி-76, மேற்கு ஜெர்மனியின் லுக்ஸ் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது இந்தக் கருத்து நிற்பதில்லை. மிதக்க வேண்டும் என்று முடிவெடுத்ததுமே கவசத்தின் கனம், உடற்கூட்டின் பருமன், வீரர்கள் ஏறி இறங்கும் வழி எல்லாம் பெருமளவு தீர்மானமாகிவிடுகின்றன. இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற திறனைப் போர்க்களத்தில் சோதித்தவை ஆற்றின் ஆழமோ அகலமோ மட்டுமல்ல. கரையும், நீரில் கழிக்க வேண்டிய நேரமும் அதைவிடக் கடுமையான சோதனைகளாக இருந்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கணக்கு. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்க வேண்டும். பிஆர்டிஎம்-2 ஏறத்தாழ 7 டன். ஆகவே அதன் உடற்கூட்டில் 7 கன மீட்டர் நீருக்குள் அமிழ வேண்டும். வண்டியின் நீளம் 5.75 மீட்டர், அகலம் 2.35 மீட்டர். அதை ஒரு முழுச் செவ்வகப் பெட்டியாகவே எடுத்துக்கொண்டாலும் பரப்பு 13.5 சதுர மீட்டர்தான். ஒவ்வொரு டன் கூடும்போதும் வண்டி குறைந்தது 7 செ.மீ. கூடுதலாக அமிழும். சக்கரங்களுக்காகக் குடைந்த இடங்களும் சரிந்த முகப்பும் மிதப்புக்கு உதவாதவை என்பதால் உண்மையில் இன்னும் அதிகமாகவே அமிழும். இனி எஃகைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 மி.மீ. கனத் தகடு ஏறத்தாழ 78 கிலோ எடையுள்ளது. 30 சதுர மீட்டர் பரப்புக்கு வெறும் 5 மி.மீ. கனம் கூட்டினால் எடை 1.2 டன் ஏறிவிடும். அந்த 5 மி.மீ., கனரக எந்திரத் துப்பாக்கியின் குண்டைத் தடுக்கப் போதாது. வண்டியை மூழ்கும் விளிம்புக்குத் தள்ள மட்டும் போதும். 14 மி.மீ.க்கு மேற்படாத கவசத்தோடு, 7.62 மி.மீ. துப்பாக்கிக் குண்டையும் பீரங்கிக் குண்டுச் சிதறலையும் தடுத்தால் போதும் என்று வடிவமைப்பாளர்கள் நிறுத்திக்கொண்டதற்கு இந்த எண்களே போதிய காரணம். அலட்சியம் என்று குறை சொல்வோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

1960-களின் தொடக்கத்தில் கார்க்கி மோட்டார் ஆலையில் உருவான பிஆர்டிஎம்-2, அதற்கு முந்தைய பிஆர்டிஎம்-1 வண்டியின் குறைகளுக்கு விடையாக வந்தது. எஞ்சின் முன்னாலிருந்து பின்னால் போனது. 140 குதிரைத்திறன் கொண்ட எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் சாலையில் மணிக்கு 95 கி.மீ. வேகத்தை எட்டும். நான்கு பேர் கொண்ட குழு. மூடிய சிறு சுழல் கோபுரத்தில் 14.5 மி.மீ. எந்திரத் துப்பாக்கியும் இணையாக ஒரு 7.62 மி.மீ. துப்பாக்கியும் இருந்தன. நீரில் செல்ல, பின்பகுதியில் உடற்கூட்டுக்குள்ளேயே ஒற்றை நீர்த்தாரை உந்தி அமைந்திருந்தது. அடிப்பகுதியில் நீரை உறிஞ்சி, நான்கு இதழ்ச் சுழலியால் பின்னோக்கிப் பீய்ச்சும் இந்த உந்தி வண்டியை மணிக்கு 10 கி.மீ. வரை கொண்டு செல்லும். நீரில் இறங்குமுன் முகப்பில் அலைதடுப்புப் பலகையை உயர்த்த வேண்டும், உள்ளே கசியும் நீரை இறைக்கும் பம்பை ஓட்ட வேண்டும், அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இவற்றில் கடைசியானதுதான் பேராபத்து. மிதப்பு விளிம்பு குறுகிய வண்டியில் கசிவு என்பது பழுது மட்டுமல்ல, உயிர்ப்பிரச்சினை. 2020 ஜூலை 30 அன்று கலிஃபோர்னியாவின் சான் கிளமென்டே தீவுக்கு அருகே அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் நீர்நிலத் தாக்குதல் வண்டி ஒன்று நீர் புகுந்து மூழ்கி ஒன்பது பேர் இறந்தனர். அது வேவு வண்டி இல்லை. ஆனால் பராமரிப்பில் தளர்வு இருந்தால் மிதப்புக் கணக்கு யாரையும் மன்னிப்பதில்லை என்பதற்கு அதுவே சான்று.

பிஆர்டிஎம்-2 வண்டியின் வயிற்றுப் பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையே, பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிறு சக்கரங்கள் மேலே மடங்கியிருக்கும். தேவைப்படும்போது ஓட்டுநர் அவற்றைக் கீழே இறக்குவார். எஞ்சினின் விசை அவற்றுக்கும் செல்லும். பதுங்குகுழிகளைத் தாண்டுவதற்காக என்றே கையேடுகள் இவற்றை விளக்குகின்றன. அதில் பிழையில்லை. ஆனால் ஓட்டுநர் உள்ளிருந்தே டயர்க் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டையும், முகப்பிலுள்ள வின்ச்சையும் இவற்றோடு சேர்த்துப் பார்த்தால் வேறொரு காட்சி தெரிகிறது. சேறும் சரிவுமான கரையில் ஏறும்போது நான்கு சக்கர வண்டி படும் பாட்டுக்கு மூன்று பக்கங்களிலிருந்தும் வந்த விடைகள் இவை. முன்சக்கரம் மண்ணைத் தொட்டும் பின்பகுதி இன்னும் நீரில் மிதந்துகொண்டிருக்கும் அந்தச் சில விநாடிகளில் நீர்த்தாரை தள்ளினாலும் சக்கரம் பிடிமானமின்றிச் சுழலும். எதிரி எறிகுண்டு வீசத் தேர்ந்தெடுக்கும் கணமும் பெரும்பாலும் அதுவே. நீந்துவதற்காக உந்தி இருந்தது என்றால், நீந்தி முடித்து மேலே வருவதற்காக வண்டியின் பாதிப் பொறியியல் இருந்தது என்று சொல்லலாம்.

அந்த வயிற்றுச் சக்கரங்களுக்கும் ஒரு விலை உண்டு. பக்கக் கதவு இருக்க வேண்டிய இடத்தை அவை எடுத்துக்கொண்டன. எஞ்சின் பின்னால் இருப்பதால் அந்த வழியும் இல்லை. எனவே குழு முழுவதும் முன்பகுதிக் கூரையில் உள்ள இரண்டு வட்ட மூடிகள் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். தீப்பற்றிய வண்டியிலிருந்து நான்கு பேர், துப்பாக்கிச் சூட்டுக்கு முகம் காட்டியபடி, இரண்டு துளைகள் வழியே தப்ப வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் பொருள். பிற்காலத்தில் போலந்து தன் வண்டிகளை மேம்படுத்தியபோது வயிற்றுச் சக்கரங்களை அகற்றிவிட்டுப் பக்கக் கதவுகளை வைத்தது. அந்தத் தெரிவில் ஒரு வரலாற்றுத் தீர்ப்பே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கரையேறும் வசதியைவிட உயிர் தப்பும் வசதி பெரிதென்று, வண்டி பிறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒப்புக்கொள்ளப்பட்டது.

வேவு பார்ப்பவருக்கு வேண்டியவை இரண்டு: பார்க்க வேண்டும், பார்க்கப்படக் கூடாது. மிதப்பு இந்த இரண்டாவதோடு நேரடியாக மோதுகிறது. இதற்கு லுக்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. 1975 முதல் 1978 வரை மேற்கு ஜெர்மானியப் படைக்கு 408 வண்டிகள் தயாராயின. எட்டுச் சக்கரம், 19.5 டன், 20 மி.மீ. பீரங்கி, பின்னால் திசைதிருப்பக்கூடிய இரண்டு சுழலிகள். எஞ்சின் ஓசையை அடக்குவதில் அது பெயர் பெற்றது. அருகே வரும்வரை காதில் விழாது என்பார்கள். ஆனால் 19.5 டன்னை மிதக்க வைக்க 19.5 கன மீட்டர் அமிழ வேண்டும். அதனால் நீளம் ஏறத்தாழ 7.7 மீட்டராகவும் அகலம் 3 மீட்டருக்கு அருகிலும் வந்து நின்றது. செவிக்கு மறையும் வண்டி கண்ணுக்கு மறையவில்லை. அதன் இடத்துக்கு வந்த ஃபென்னெக், ஜெர்மனியும் நெதர்லாந்தும் சேர்ந்து உருவாக்கியது, நீந்தாது. தாழ்வான சிறு வண்டி. மறைவிடத்தில் நின்றபடி உயர்த்தக்கூடிய தூணின் உச்சியில் உணர்கருவிகள். நீந்தாத ஒன்றுக்கே அந்த அளவும் வடிவமும் வாய்க்கும்.

அப்படியானால் இத்தனை இழப்பைத் தாங்கிக்கொண்டு அவர்கள் ஏன் நீந்த விரும்பினார்கள்? சோவியத் திட்டமிடுவோருக்கு விடை நிலவரைபடத்திலேயே இருந்தது. மேற்கு ஐரோப்பாவில் மேற்கு நோக்கி முன்னேறும் படைக்கு ஏறத்தாழ 35 முதல் 60 கி.மீ.க்கு ஒருமுறை 100 மீட்டர் வரை அகலமுள்ள ஆறோ கால்வாயோ குறுக்கிடும் என்று அவர்கள் கணித்திருந்தனர். பாலங்கள் முன்கூட்டியே தகர்க்கப்பட்டிருக்கும். மிதவைப் பாலம் போடும் பொறியாளர் பிரிவு வந்து சேரும்வரை வேவுக் குழு அக்கரையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் காத்திருக்க முடியாது. லுக்ஸ் வடிவமைத்தவர்களின் கவலை இதற்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது. அந்த வண்டிக்கு முன்னால் ஓர் ஓட்டுநர், பின்னால் ஓர் ஓட்டுநர், பின்னவரே வானொலியாளரும். முன்னோக்கியும் பின்னோக்கியும் மணிக்கு 90 கி.மீ. வேகம். தாக்கப்படும் படையின் வேவுக் குழு எதிரியைக் கண்டதும் திரும்பாமலே பின்வாங்க வேண்டும். தன் படையே தகர்த்துவிட்ட பாலத்தின் அருகே வந்து ஆற்றில் இறங்க வேண்டும். ஒருவர் முன்னேறுவதற்காக நீந்தினார், மற்றவர் வீடு திரும்புவதற்காக. இரு கோட்பாடுகளும் வேறுபட்டாலும், ஆறு குறுகியது, நீரில் கழிக்கும் நேரம் சில நிமிடங்களே என்ற எடுகோளில் இரண்டும் ஒத்தன.

அந்த எடுகோள் வங்கத்தின் ஆறுகளில் உடைந்தது. பிடி-76 சோவியத் படையில் 1951-இல் சேர்ந்த வேவு டாங்கி: 14 டன், 76.2 மி.மீ. பீரங்கி, மூன்று பேர், 240 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், பின்னால் இரண்டு நீர்த்தாரைகள். ஒரு பக்கத் தாரையை அடைத்தால் வண்டி அப்பக்கம் திரும்பும். நீரில் மணிக்கு 10 கி.மீ.க்குச் சற்று மேல் வேகம். இந்தியா இதை வாங்கியிருந்தது. 1971 டிசம்பரில், பாகிஸ்தானுடனான போரில், ஆஷுகஞ்சில் மேக்னா ஆற்றின் மீதிருந்த பாலம் தகர்க்கப்பட்டதும், லெப்டினென்ட் ஜெனரல் சகத் சிங் தலைமையிலான நான்காம் படைப்பிரிவு காலாட்படையை ஹெலிகாப்டர்களில் அக்கரை சேர்த்தது. பிடி-76 நீந்திக் கடந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. அரை மணிக்கு மேல் நீந்தினால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியது. மேக்னாவைக் கடக்க அதைவிட நெடுநேரம் வேண்டியிருந்தது. முடிவில் அங்கிருந்த பொதுமக்களின் படகுகள் டாங்கிகளை இழுத்துச் சென்றன. நீரில் வண்டி மெல்லத்தான் நகரும்; எஞ்சினோ இடைவிடாமல் உழைக்கும். ஐரோப்பியக் கால்வாய்க்கு அரை மணி தாராளம். மேக்னாவுக்கு அது தொடக்கம்.

அதே வண்டி அதே போரில் வேறோர் இடத்தில் தன் விலையைத் திருப்பிக் கொடுத்தது. 1971 நவம்பர் 21 அன்று காலை மூடுபனியில், எல்லையை அடுத்த கரீப்பூரில், 45-ஆம் குதிரைப்படையின் 14 பிடி-76 டாங்கிகள் 14-ஆம் பஞ்சாப் காலாட்படைப் பிரிவோடு நின்று பாகிஸ்தானின் சாஃபீ டாங்கிகளின் எதிர்த்தாக்குதலைச் சந்தித்தன. சாஃபீயின் கவசமும் எடையும் அதிகம். ஆயினும் பாகிஸ்தானின் டாங்கிப் பிரிவு பேரிழப்போடு பின்வாங்கியது. இந்திய டாங்கிப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய மேஜர் தல்ஜித் சிங் நாரக் அப்போரில் உயிரிழந்தார். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. அங்கே யாரும் நீந்திச் சண்டையிடவில்லை. மிதப்பதற்காக எடை குறைத்த வண்டி, அதே காரணத்தால், சதுப்பும் வயலுமான நிலத்தில் புதையாமல் நகர முடிந்தது என்பதே அந்த நிலத்தில் அதன் பலம். நீர்நில வண்டிகளின் பயனை ஆற்றைக் கடந்த எண்ணிக்கையால் மட்டும் அளப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். எடைக் குறைவு என்பது நீருக்காகச் செலுத்திய விலை. சேற்றில் அதுவே வருமானம்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. 1969 மார்ச்சில் வியட்நாமின் பென் ஹெட் முகாம் அருகே பிடி-76 அமெரிக்க எம்-48 டாங்கிகளைச் சந்தித்தபோது முடிவு ஐயத்துக்கு இடமில்லாதது. மெலிந்த கவசம் மெலிந்த கவசந்தான். ஆனால் இந்தத் தோல்வி காட்டுவது, வேவுக்காகப் பிறந்த வண்டியை முகாம் தாக்கும் டாங்கியாகப் பயன்படுத்தினால் என்னாகும் என்பதை. அதன் பிறகு பல படைகள் எடுத்த பாதை கவசத்தைக் கூட்டுவது. அதனோடு மிதப்பு தானாகவே கரைந்தது. பிரிட்டனின் ஸ்கார்ப்பியன் தன் மிதப்புத் திரையைக் கழற்றிவைத்தது. அமெரிக்க பிராட்லியின் கவசம் ஏறிக்கொண்டே போனதில் நீந்தும் ஏற்பாடு கைவிடப்பட்டது. ஆற்றில் தோற்று இந்தத் திறன் ஒழியவில்லை. எடைத் தராசில் ஒவ்வொரு கிலோவாகத் தோற்றது.

எஞ்சியிருக்கும் நீந்தும் வண்டிகளும் தனியாக நீந்துவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2022 மே மாதத்தில் உக்ரைனின் பிலோஹோரிவ்கா அருகே சிவெர்ஸ்கி டொனெட்ஸ் ஆற்றைக் கடக்க ரஷ்யப் படை மிதவைப் பாலம் போட்டது. அந்தப் படையிடம் நீந்தக்கூடிய கவச வண்டிகள் ஏராளம். டாங்கியும் எரிபொருள் லாரியும் நீந்தாதவை என்பதால் பாலம் தேவைப்பட்டது. பாலம் தகர்ந்தது, இரு கரைகளிலும் நெருக்கமாக நின்ற வண்டிகள் பீரங்கித் தாக்குதலுக்கு இரையாயின. அங்கும் அழிவின் களம் கரையாகவே இருந்தது.

இந்தக் கேள்விகள் இப்போது ஆவடிக்கும் வந்துள்ளன. அங்குள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் லார்சன் அண்ட் டூப்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய ஜோராவர், 25 டன் எடையும் 105 மி.மீ. பீரங்கியும் கொண்டது. அது வேவு வண்டி அல்ல, இலகு டாங்கி. ஆனால் நீரிலும் செல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு பிறந்ததால் மேற்சொன்ன கணக்கு முழுதும் அதற்கும் பொருந்தும். லடாக் போன்ற உயர்மலைப் பகுதிகளே அதன் இலக்கு. பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அங்கே நீர் தாங்கும் எடை ஏறத்தாழ மாறாது. மெலிந்த காற்றில் எஞ்சின் தரும் விசை குறையும். ஏரி நீர் குளிர்ந்தது என்பதால் எஞ்சின் சூட்டைத் தணிப்பதில் மேக்னாவைவிடச் சாதகம். கரையோ கல்லும் சரளையும், குளிர்காலத்தில் உறைந்த விளிம்பும். எனவே அத்தகைய வண்டியின் சோதனைகளில் நீரில் எட்டிய உச்ச வேகத்தைவிட, எத்தனை பாகைச் சரிவுள்ள கரையில் உதவியின்றி ஏறியது, முழு எடையோடு எத்தனை நிமிடம் இடைவிடாமல் நீந்திய பின் எஞ்சின் வெப்பம் எங்கே நின்றது என்ற இரண்டு எண்களுக்கே முதலிடம் தர வேண்டும்.