மார்க்கரின் சுண்ணாம்புப் பொடி

திருப்புட்குழியில் உட்கார்ந்துகொண்டு பில்லியர்ட்ஸைப் பற்றி எழுத இவனுக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். ஜடாயு தீர்த்தக் கரையில் பையன்கள் பம்பரம் விடுகிற ஊர் இது. பச்சைத் துணி விரித்த மேஜைக்கு இங்கே எங்கே போவது? ஆனால் சுழல்கிற பம்பரம் இன்னொன்றின் மேல் பட்டால் எகிறுகிற திசையே தனி என்பது அந்தப் பையன்களுக்குத் தெரியும். பில்லியர்ட்ஸ் வித்தையில் பாதி ரகசியம் அதுதான்.

வெள்ளைப் பந்தின் நடுவில் அடிக்காமல் சற்று வலப்புறமோ இடப்புறமோ கோலால் அடித்தால் பந்து தன்னைத் தானே சுற்றிக்கொண்டு ஓடும். மேஜை விளிம்பின் ரப்பரில் முட்டும்போதுதான் அந்தச் சுழற்சியின் குணம் தெரியும். ஓடுகிற போக்குக்கு இசைந்த சுழற்சியானால் பந்து அகலமாக விரிந்து, வேகத்துடன் திரும்பும். எதிர்ச் சுழற்சியானால் ஒடுங்கி, தயங்கித் திரும்பும். தேர்ந்த ஆட்டக்காரனுக்கு இந்தப் பந்தைப் பைக்குள் தள்ளுவது பெரிதல்ல. அடுத்த அடிக்கு வெள்ளைப் பந்து எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதே அவன் கவலை. அதற்காக எப்போதும் சுழற்றிக்கொண்டே இருப்பதும் இல்லை. வலப்புறம் அடித்தால் பந்து முதலில் இம்மி இடப்புறம் விலகிப் புறப்படும். கோலின் பின்புறம் உயர்ந்திருந்தாலோ, போகப் போக வலப்புறம் வளையும். இவ்வளவுக்கும் கணக்குப் போட்டுக் குறிபார்க்க வேண்டும். வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்துக் காரியம் முடியுமானால் கெட்டிக்காரன் சுழற்சியைத் தொடமாட்டான்.

ஒரு காலத்தில் இது சாத்தியமாகவே இல்லை. வெறும் மரமுனையால் ஓரத்தில் அடித்தால் கோல் வழுக்கிவிடும். முனையில் தோல் ஒட்டும் யோசனையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர் மேங்கோ என்ற பிரெஞ்சுப் படைத் தலைவர் என்பார்கள். சிறையில் இருக்கும்போது கண்டுபிடித்தாராம். சிலர் அந்தச் சிறையைப் பாஸ்டில் என்றே எழுதிவிட்டார்கள். பாவம், பாஸ்டிலை 1789-லேயே ஜனங்கள் தாக்கிப் பிடித்து இடித்துத் தள்ளத் தொடங்கிவிட்டார்கள்! அவர் எழுதிய பில்லியர்ட்ஸ் நூல் பாரிஸில் 1827-இல் வெளியாயிற்று.

எனக்கு அவரைவிடப் பிடித்தவன் இங்கிலாந்தில் பாத் நகரத்து ஜாக் கார். அவன் ஒரு மார்க்கர். பிறர் ஆட, இவன் புள்ளிக் கணக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம். பந்தைச் சுழற்றும் வித்தையை அவனுடைய முதலாளி கண்டுபிடித்துக் காட்டினாராம். பயின்று தேர்ந்தவன் கார். ஆச்சரியப்பட்ட கனவான்களிடம், "எல்லாம் இந்தப் பொடியின் மகிமை" என்று சொல்லி, சாதாரணச் சுண்ணாம்புப் பொடியைச் சிறு டப்பிகளில் அடைத்து, டப்பி இரண்டரை ஷில்லிங்குக்கு விற்றானாம். பொடி பொய்யென்றும் சொல்ல முடியாது. கோல் வழுக்காமலிருக்கச் சுண்ணாம்பு வேண்டியதுதான். ஆனால் டப்பியில் அவன் கையின் பழக்கம் இல்லையே! 1835-இல் கொரியோலி என்ற பிரெஞ்சுக் கணித மேதை இந்தப் பந்துகளின் சுழற்சியைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். மார்க்கர் கையால் கண்டதைப் பண்டிதர் காகிதத்தில் கண்டார்.

நம் நாட்டுக்கு இந்த ஆட்டம் வெள்ளைக்கார ராணுவத்தோடு வந்தது. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி (பிற்காலத்துப் பிரதம மந்திரி அல்ல, வேறு ஆள்) பல நிறப் பந்துகளைச் சேர்த்து ஆடிய ஆட்டத்துக்கு ‘ஸ்னூக்கர்’ என்று பெயர் விழுந்தது. 1880-களில் நமது உதகமண்டலம் கிளப்பில் அதன் விதிகள் உருப்பெற்றன. சிவப்புப் பந்துக்குப் பின் ஒரு நிறப் பந்து, மறுபடி சிவப்பு என்று மாறி மாறி ஆட வேண்டியிருப்பதால், வெள்ளைப் பந்தை நிறுத்தும் கலைக்கு அங்கே மதிப்பு இன்னும் கூடிற்று. அப்படிப்பட்ட கிளப்புகளில் கணக்குச் சொல்லி நின்ற மார்க்கர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். சேம்பர்லின் பெயர் சரித்திரத்தில் ஏறிவிட்டது. கணக்குச் சொன்னவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் ஏறவில்லை.

ஆனால் 1958-இல் கல்கத்தாவில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வென்றவர், 1922-இல் பூனாவில் பிறந்த வில்சன் ஜோன்ஸ். தனிநபர் விளையாட்டில் சுதந்திர இந்தியாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. 1964-இல் நியூஜிலாந்துக்குப் போய் இன்னொரு முறையும் வாங்கிக்கொண்டு வந்தார்.