பெரட்டுக் களமும் கைப்பேசியும்



பெண்டாங் வட்டாரம் என்றதும் பச்சைப் பசேலென்ற நெல்வயல்கள்தாம் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், அவ்வயல்களை அடுத்து ரப்பர் தோட்டங்களும் உண்டு. அத்தோட்டங்களிலே நம்மவர் எழுப்பிய கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் உண்டு. அவற்றோடு சேர்ந்து வளர்ந்தவைதாம் நம் சங்கங்கள். சாவுக்கும் வாழ்வுக்கும் கைகொடுத்த அச்சங்கங்கள் இன்று கைப்பேசி வழியே கூடுகின்றன. இது முற்றிலும் புதுமையா, அல்லது பழைய வழக்கத்தின் தொடர்ச்சியா என்பதை இன்று நாம் சிந்திப்போம்.

தொலைவில் இருப்போர் ஒரு சங்கமாக இணைந்து வாழ்வது தமிழருக்குப் புதிதன்று. நம் கடாரத்துக்கு வடக்கே, தென் தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்னும் இடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. அது ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் கருத்து. அவனிநாரணம் என்ற குளத்தையும், அதைக் காக்கும் பொறுப்பேற்ற மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவையும் அது குறிப்பிடுகிறது. தாய்மண்ணை விட்டுக் கடல் கடந்து வந்தவர்கள், பொதுக் குளம் ஒன்றைக் கூட்டாகக் காத்தார்கள் என்பதை இதனால் அறிகிறோம்.

பின்னாளில் பால்மரம் வெட்ட வந்த நம் முன்னோர் வணிகர் அல்லர். அவர்களிடம் இருந்தவை உழைப்பும் ஒற்றுமையுமே. விடியற்காலைப் பெரட்டுக் களத்திலும், கோயில் வாசலிலும், லயத்துத் திண்ணையிலும் ஒருவர் செய்தி எல்லாருடைய செய்தியாயிற்று. ஒரு வீட்டில் இழவு என்றால் கடிதம் தேவையில்லை. பறை ஒலியே போதும். 

தோட்டத்துக்குத் தோட்டம் பரவிய ஒற்றுமைக்கும் கெடாவிலேயே சான்று உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை இயங்கியது. குடும்பங்களைச் சீரழித்த கள்ளுக்கடைகளை எதிர்த்து அது முழங்கியது. 1947இல் கெடாத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தங்களையும் மறியல்களையும் காவல்துறை கடுமையாக அடக்கியது. கைப்பேசி இல்லாத அந்நாளில் பல தோட்டத்தார் ஒன்றாக எழுந்தார்கள் என்றால், அதற்கு மனிதரே செய்தியாக நடந்தார்கள் என்பதே பொருள்.

செய்தித்தாள்களும் துணை நின்றன. 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’, 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஆகியவற்றை எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றியிருந்தோர் கேட்டனர். 1946இல் மலாயா வானொலி தோன்றிய பின், ஒரு குரலைப் பல தோட்டத்தார் ஒரே வேளையில் கேட்கும் நிலை வந்தது.

பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. பெருந்தோட்டங்கள் கூறு போட்டு விற்கப்பட்டபோது, வேலையோடு வீட்டையும் இழக்கும் அச்சம் தொழிலாளரைச் சூழ்ந்தது. அப்போது, 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சேர்த்த பணத்தால் அது வாங்கிய முதல் தோட்டம், நம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம். ஆயினும், காலப்போக்கில் பிள்ளைகள் சுங்கை பட்டாணிக்கும், பினாங்குக்கும், சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். லயம் கலைந்தது. சங்கத்தின் பெயர்ப் பட்டியல் மட்டும் கலையவில்லை.

அந்தப் பட்டியலே இன்று புலனக் குழுவாக மாறியிருக்கிறது. புலனம் எனப்படும் வாட்ஸ்அப் 2009இல் தோன்றியது. 2016இல் அதில் காணொலி அழைப்பு வந்தது. 2020 மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, இதன் அருமையை உணர்ந்தோம். மாநில எல்லை கடக்க முடியவில்லை. இறுதிச் சடங்குக்கும் சிலரே போக முடிந்தது. தாயின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்து அழுத பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அவ்வாண்டு ஏப்ரலில், ஒரே புலன அழைப்பில் சேரக்கூடியவர் எண்ணிக்கை நான்கிலிருந்து எட்டாக உயர்ந்தது. இன்னும் பெரிய கூட்டங்களுக்கு ஸூம் போன்றவை உதவின. 

நன்மை பெரிது, குறையும் உண்டு. பறை ஒலி வீட்டுக்கு வீடு பார்த்து ஒலிக்கவில்லை. அது எல்லாருக்கும் கேட்டது. கைப்பேசிச் செய்தியோ கைப்பேசி உள்ளவருக்கே கேட்கும். சங்கத்துக்கு நாற்பது ஆண்டுகள் சந்தா கட்டிய பாட்டி ஒருவர், கைப்பேசி இல்லாத காரணத்தால் கூட்டச் செய்தியை அறியாமற் போனால், அங்கே சங்கம் சுருங்கிவிட்டது என்றே பொருள்.

ஆகவே, நாம் மூன்று செயல்களைக் கடைப்பிடிப்போம். கைப்பேசி இல்லாத ஒவ்வோர் உறுப்பினருக்கும், அவர் வாசலுக்குப் போய்ச் செய்தி சொல்ல ஒரு பக்கத்து வீட்டாரைப் பொறுப்பாக்குவோம். காணொலியில் எடுத்த முடிவாயினும், அதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி வைப்போம். பணம் கேட்டு வரும் செய்தியைக் கண்டவுடன் அனுப்பிவிடாமல், கேட்டவருடன் நேரில் பேசி உறுதி செய்வோம். நம்மவர் பெயரில் ஏமாற்றுவோரும் இக்கருவியைக் கையாளுகிறார்கள்.

மணிக்கிராமத்தார் காத்தது குளம். நம் தாத்தாக்கள் காத்தது தோட்டத்து ஒற்றுமை. நம் கையில் வந்திருப்பது அந்த ஒற்றுமையின் பெயர்ப் பட்டியல். அதில் உள்ள ஒருவர் பெயரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. இன்று மாலையே, நெடுநாளாகக் குரல் கேட்காத ஒரு சங்கத்தாரை அழைத்து, “நலமா?” என்று கேட்போமா?