உபகாரச் சம்பளம், ஓய்வூதியம்: ஒரு தேதியின் வரலாறு

காலனிய ஆட்சிக் காலத் தமிழில் பென்சனுக்கு வழங்கிய பெயர் உபகாரச் சம்பளம். கொடுப்பவரின் பெருமனம் அச்சொல்லின் முற்பாதியிலேயே நின்றுவிடுகிறது. பெறுபவரின் முப்பது ஆண்டு உழைப்புக்கு அதில் இடமில்லை. பென்சன் என்பதன் லத்தீன் வேரோ எடைபோட்டுச் செலுத்துதலைக் குறிப்பது. தமிழாக்கியவர்கள் வேர்ச்சொல்லைப் பார்க்கவில்லை, அன்றைய சட்டத்தைப் பார்த்தார்கள் போலும். 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், அரசு தரும் ஓய்வூதியம் குறித்த வழக்கை உரிமையியல் நீதிமன்றம் ஏற்கலாகாது என்று தன் 4ஆம் பிரிவில் விதித்தது. மாவட்ட ஆட்சியரோ அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலரோ சான்றளித்தால் மட்டுமே வழக்கு நடக்கும். கேட்டுப்பெற முடியாத பணத்துக்கு உபகாரம் என்ற பெயர் பொருத்தமானதே.

இதற்கு எதிர்த்திசையில் செல்லும் சொல் அகவிலைப்படி. அகவிலை என்றால் தானிய விலை. அகம், அஃகம் என்பன தானியத்தின் பழம்பெயர்கள். ஆத்திசூடி கற்ற எவருக்கும் அஃகம் புதிதன்று. படி என்பது தானியம் அளக்கும் கருவியின் பெயர். அன்றாட உணவுக்காகத் தரும் தொகையின் பெயரும் அதுவே. ஆக, இச்சொல்லின் இரு பாதியிலும் தானியம் இருக்கிறது. வரலாறும் அப்படித்தான் தொடங்கியது. பஞ்சத்தாலும் போராலும் விலை ஏறிய காலங்களில் கீழ்நிலை ஊழியர்களுக்குத் தானிய ஈட்டுப்படி என்ற பெயரில் சிறுதொகை தரும் வழக்கம் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதுவே உணவு விலையேற்றப் படியாக வளர்ந்து, பின்னர் அகவிலைப்படி ஆயிற்று. 1940இல் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே ஊழியர்களின் இக்கோரிக்கையை விசாரித்த நீதி விசாரணைக் குழுவின் தலைவர் பி.என். ராவ், பின்னாளில் அரசமைப்பு நிர்ணய சபையின் ஆலோசகராக அறியப்பட்டவர். சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து கூட்டாட்சி நீதிமன்றம் சென்ற சீனிவாச வரதாச்சாரியார் தலைமையிலான முதல் ஊதியக்குழு, 1947இல் கடைநிலை ஊழியருக்கு மாதம் 55 ரூபாய் என்று வகுத்தது. அதில் அடிப்படை ஊதியம் 30, அகவிலைப்படி 25. தற்காலிக நிவாரணம் என்று கருதப்பட்ட ஒன்று, தொடக்கத்திலேயே மொத்தத்தில் ஏறத்தாழப் பாதியை எட்டியிருந்தது.

ஊழியர்களுக்கு அப்படியை உயர்த்திக்கொள்ள ஒரு வழி இருந்தது: வேலைநிறுத்தம். 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியத்துக்கு அளவுகோல் வகுத்தது. மூன்று நுகர்வு அலகுகள் கொண்ட குடும்பம், டாக்டர் அய்க்ராய்டு பரிந்துரைத்த உணவளவு, நால்வருக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி என்று அது கணக்கிட்டது. ஜகன்னாத தாஸ் தலைமையிலான இரண்டாம் ஊதியக்குழு 1959இல் அவ்வளவுகோலை ஏற்காமல் 80 ரூபாயில் நின்றது. 1960 ஜூலை 11 நள்ளிரவில் தொடங்கிய மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் ஐந்து நாள் நீடித்தது. நேரு அரசு அவசரச் சட்டத்தின் துணையால் அதனை அடக்கியது. 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளிலும் அகவிலைப்படி இருந்தது. அது முறியடிக்கப்பட்ட சில வாரங்களில் வந்த கட்டாய வைப்புச் சட்டம், கூடுதல் அகவிலைப்படியில் பாதியைப் பிடித்து வைத்துக்கொண்டது. வென்றாலும் தோற்றாலும் ஊழியர்களிடம் நிறுத்துவதற்கு ஒரு வேலை இருந்தது.

ஓய்வுபெற்றவரிடம் அது இல்லை. அரசுக்குத் தோன்றியபோது தோன்றிய அளவில் தரப்பட்ட தற்காலிக உயர்வுகளே அவர்களுக்கு நெடுங்காலம் கிடைத்தன. ரகுபீர் தயாள் தலைமையிலான மூன்றாம் ஊதியக்குழுதான் 1973இல் ஓய்வூதியத்தை விலைக் குறியீட்டோடு இணைத்தது. குறியீட்டெண்ணின் பன்னிரண்டு மாதச் சராசரி 16 புள்ளி உயரும்போதெல்லாம் ஓய்வூதியத்தில் 5 விழுக்காடு நிவாரணம். குறைந்தது 5 ரூபாய், மிகுந்தால் 25 ரூபாய். 40 ரூபாய் பெறுபவருக்கு இது எட்டில் ஒரு பங்கு. 1000 ரூபாய் பெறுபவருக்கு நாற்பதில் ஒரு பங்கு. அந்த உச்சவரம்பைக் குறைகூறுவது எளிது. எனினும் உபகாரம் ஒரு வாய்பாடாக மாறிய இடம் இதுவே. வாய்பாடு வந்தபின் கணக்கு கேட்கலாம்.

கணக்கு கேட்டவர் டி.எஸ். நகாரா. பாதுகாப்புத் துறையில் நிதி ஆலோசகராக இருந்து 1972இல் ஓய்வுபெற்றவர். 1979 மே 25இல் மத்திய அரசு ஓய்வூதிய விகிதத்தைத் தளர்த்தியது: சராசரி ஊதியத்தின் முதல் 1000 ரூபாய்க்குப் பாதி, அடுத்த 500க்கு 45 விழுக்காடு, எஞ்சியதற்கு 40. ஆனால் 1979 மார்ச் 31 அன்று பணியில் இருந்து, அன்றோ பின்னரோ ஓய்வுபெறுவோருக்கு மட்டுமே அது பொருந்தும். ஒரே பதவியில் ஒரே அளவு காலம் உழைத்த இருவரில், அத்தேதிக்குச் சற்று முன் வெளியேறியவர் சாகும்வரை குறைவாகவே பெறுவார். நகாராவும், படைத்துறையில் ஓய்வுபெற்ற ஒருவரும், எச்.டி. ஷோரியின் காமன் காஸ் அமைப்பும் உச்ச நீதிமன்றம் சென்றனர்.

அவர்கள் எந்த வழியாகச் சென்றார்கள் என்பது முக்கியம். 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில், ஓய்வூதியம் அரசின் விருப்பத்துக்கு உட்பட்ட கொடையன்று, அது சொத்து என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அப்போது சொத்துரிமை அடிப்படை உரிமை. 44ஆவது அரசமைப்புத் திருத்தம் அதனை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கியதால் அந்த வழி குறுகியது. எஞ்சியது 14ஆவது உறுப்பின் சமத்துவம். தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வுக்காக டி.ஏ. தேசாய் எழுதி 1982 டிசம்பர் 17இல் வெளியான தீர்ப்பு, ஓய்வூதியர் யாவரும் ஒரே வகுப்பினர், ஒரு தேதியை மட்டும் கொண்டு அவர்களைப் பிளப்பது தன்னிச்சையானது என்று கூறி அத்தேதி நிபந்தனையை நீக்கியது. ஓய்வூதியம் என்பது ஆற்றிய பணிக்கான நிலுவை என்பது தீர்ப்பின் அடிக்கருத்து. ஊதியம் என்ற சொல்லைத் தாங்கிய தமிழ்ப்பெயருக்குச் சட்டம் வந்து சேர்ந்தது அன்றுதான் எனலாம்.

ஆனால் அத்தீர்ப்பு வாரி வழங்கிவிடவில்லை. புதிய கணக்கு குறிப்பிட்ட தேதியிலிருந்தே செல்லும், அதற்கு முந்தைய காலத்துக்கு நிலுவை கிடையாது என்று அதுவே வரையறுத்தது. டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடும் மேடைகளில் இந்த வரி பெரும்பாலும் பேசப்படுவதில்லை. பின்வந்த அமர்வுகள் எல்லையை மேலும் சுருக்கின. 1990இல் கிருஷ்ண குமார் வழக்கில், வருங்கால வைப்புநிதியைத் தேர்ந்த ரயில்வே ஊழியர்கள் வேறு வகுப்பினர் என்றாயிற்று. 1991இல் முன்னாள் படைவீரர் சங்க வழக்கில், நகாரா தீர்ப்பிலிருந்து ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற முடிவு பிறக்காது என்றாயிற்று.

நீதிமன்றம் சுருக்கியதை ஊதியக்குழுக்கள் ஓரளவு விரித்தன. 1986 முதல் நடைமுறைக்கு வந்த நான்காம் குழுவின் பரிந்துரைப்படி, குறைந்த ஓய்வூதியத்துக்கு விலையேற்றம் முழுதாக ஈடுசெய்யப்பட்டது. 1750 ரூபாய்க்கு மேல் 75 விழுக்காடு, 3000க்கு மேல் 65 விழுக்காடு. இப்படிநிலைகளை ஒழித்து எல்லா நிலைக்கும் 100 விழுக்காடு ஈடு என்று பரிந்துரைத்தது ஐந்தாம் குழு. அதன் தலைவர் தமிழரான எஸ். ரத்தினவேல் பாண்டியன். 1997இல் அறிக்கை வந்தபோது விவாதம் முழுவதும் அரசுக் கருவூலத்தின் சுமையைச் சுற்றியே நடந்தது. ஈட்டில் உயர்ந்தோர் தாழ்ந்தோர் வேறுபாடு மறைந்ததைப் பலர் கவனிக்கவில்லை.

முழு ஈடு என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். ஈட்டை அளப்பது தொழிலகத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீடு. 2001 அடிப்படையிலான தொகுப்பில் உணவின் பங்கு 46.2 விழுக்காடு, 2016 அடிப்படையில் அது 39.17. எழுபத்தைந்து வயது முதியவரின் செலவு மருந்தின் பக்கம் சாய்ந்திருக்கும். அவருடைய நிவாரணத்தை நிர்ணயிப்பதோ ஆலைத் தொழிலாளர் குடும்பத்தின் கூடை. பன்னிரண்டு மாதச் சராசரி என்பதால் விலை முன்னே ஓட நிவாரணம் பின்னே வரும். ஆறாம் குழு 80 வயதில் 20 விழுக்காடு கூடுதல் ஓய்வூதியம் என்று தொடங்கி 100 வயதில் அதை இரட்டிப்பாக்கியது, இந்த இடைவெளியை மறைமுகமாக ஒப்புக்கொண்டதாகவே தோன்றுகிறது.

வாய்பாடு எவ்வளவு உறுதியானது என்பதற்கு 2020 விடை தந்தது. பெருந்தொற்றைக் காரணம் காட்டி 2020 ஜனவரி, ஜூலை, 2021 ஜனவரி ஆகிய மூன்று தவணைகளை மத்திய அரசு நிறுத்தியது. 17 விழுக்காட்டில் நின்ற படி 2021 ஜூலையில் 28 ஆயிற்று. இடைப்பட்ட பதினெட்டு மாத நிலுவை தரப்படவில்லை. அதனால் மிச்சமானது 34,402.32 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அந்தப் பதினெட்டு மாதத்தில் மறைந்த ஓய்வூதியருக்கு 28 விழுக்காடு என்பது செய்தித்தாள் எண் மட்டுமே.

தேதியும் திரும்பி வந்தது. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோருக்கு, முப்படையினர் தவிர, வாய்பாட்டுக்குப் பதில் சந்தை முதலீடு. 2025 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், அவர்களுக்கும் விலையோடு இணைந்த உறுதித்தொகையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பைத் திருப்பித் தந்தது. 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்திலோ அகவிலை நிவாரணமே இல்லை. 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்சம் மாதம் 1000 ரூபாய்.

2025இல் ஓய்வூதியத்துக்குப் புதிய பதவுரைகளும் வந்தன. அவ்வாண்டின் நிதிச் சட்டம், ஓய்வுபெற்ற தேதியை அடிப்படையாகக் கொண்டு ஓய்வூதியரிடையே வேறுபாடு செய்யும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்று 1972 ஜூன் 1 முதல் பின்னோக்கிச் செல்லும்படி அறிவித்தது. நடப்பிலுள்ள ஓய்வூதியங்கள் இதனால் மாறா என்று நிதியமைச்சர் மாநிலங்களவையில் விளக்கினார். சில மாதங்களில், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான எட்டாம் ஊதியக்குழுவின் ஆய்வு வரம்பு வெளிவந்தது. குழு கருத்தில் கொள்ள வேண்டியவற்றுள் ஒன்றாக, பங்களிப்பற்ற ஓய்வூதியத் திட்டங்களின் நிதியொதுக்கப்படாத செலவு குறிக்கப்பட்டுள்ளது. முப்பது ஆண்டுப் பணி இத்தொடரில் பங்களிப்பாக எண்ணப்படவில்லை. ஓய்வூதியர் சங்கங்கள் எதிர்ப்பது இந்தத் தொடரைத்தான். அறிக்கைக்குப் பதினெட்டு மாதம் தரப்பட்டிருக்கிறது.